கண்டக்டர் ரொட்டி

தெரணியகலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நானும் வீட்டுக்காரரும் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறோம். அவர் தேநீர் ஊற்றுவார், நான் ரொட்டி சுடுவேன். எங்கள் கடையில் பேர் வாங்கிய பண்டம் ஒன்றே ஒன்றுதான்: கண்டக்டர் ரொட்டி.

கேகாலை பஸ்ஸில் ஒரு கண்டக்டர் வருவார். சிங்களவர். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். பஸ் நிற்கிற நேரத்துக்குள் அவர் சாப்பிட்டாக வேண்டும். ரொட்டி தட்டில், பருப்பு கிண்ணத்தில் என்று வைத்தால் பாதியிலேயே டிரைவர் ஹோர்ன் அடித்துவிடுவார். ஒரு காலையில் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, எல்லாத்தையும் ரொட்டிக்குள்ளயே வச்சு மூடிக் குடுங்க. ஒரு கையில கம்பி, ஒரு கையில டிக்கெட். ரொட்டிய வாயில கவ்விக்கிட்டே போறேன்."

கெட்டிப் பருப்பு, நெத்தலிக் கருவாடு, வெங்காயம், உறைப்புக்குக் கொச்சிக்காய் எல்லாவற்றையும் பிசைந்து மாவுக்குள் வைத்து மூடிச் சுட்டுக் கொடுத்தேன். அவர் படியில் தொங்கியபடி கடித்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் மறுநாள் வந்து, "கண்டக்டருக்குக் குடுத்தீங்களே, அது ஒண்ணு" என்று கேட்டார்கள். வீட்டுக்காரர் அந்தப் பெயரையே பலகையில் எழுதி மாட்டினார். மாவு பிசைந்தவளின் பெயரை எழுத அவருக்குத் தோன்றவில்லை.

தோட்டத்து ஆட்கள் பலகையை வேறு மாதிரி வாசித்தார்கள். தோட்டத்தில் கண்டக்டர் என்றால் மலையில் நின்று வேலையை மேற்பார்வை செய்கிற உத்தியோகத்தர். பக்கத்துத் தோட்டத்துக் கண்டக்டர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். வேலைக்கு யாராவது கொஞ்சம் பிந்தி வந்தாலும் அரைப் பேர் போட்டுவிடுவார், அதாவது பாதி நாள் சம்பளம்தான். ரப்பர் பால் வெட்டுகிற பெண்கள் கடைக்கு வந்து சத்தமாகவே கேட்பார்கள்.

"அக்கா, கண்டக்டர்ல ரெண்டு குடுங்க. நல்லா கருக விட்டுக் குடுங்க."

"இங்கயே பிச்சுத் திங்கிறீங்களா, கட்டித் தரவா?" என்று நானும் கேட்பேன். வியாபாரம் ஏறியது.

ஒரு நாள் கண்டக்டர் ஐயாவே வந்து பலகையின் முன்னால் நின்றார். வீட்டுக்காரர் தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றினார்.

"என்ன பிள்ளை, என்ர பேரில ரொட்டி விக்கிறியளாம்?"

"ஐயா, அது வந்துங்க..."

"இவ்வளவு காலமா இந்தச் சனத்தோட நிண்டு கத்திறன். ஒருத்தரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இப்ப பாருங்கோ!" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அதற்கு மேல் உண்மையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு ரொட்டியைக் கட்டிக் கொடுத்தேன். அவர் மீன், மச்சம் சாப்பிடாத சைவக்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது.

கோயில் கூட்டத்தில் அவர் எழுந்து, மழையில் நனைந்து வேலை செய்கிற சனத்துக்காகத் தானே யோசித்துச் சொன்ன சாப்பாடு அது என்று பேசினார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகிறார்கள் என்று நினைத்து அவரும் கண் கலங்கினார். பிறகு அவருடைய மனைவி எங்கள் கடையின் பின்பக்கமாக வந்து, "இவரின்ர ரொட்டி எப்பிடிச் சுடுறது? ஊரில இருந்து ஆக்கள் வருகினம்" என்று மெதுவாகக் கேட்டுப் போனார்.

சனம் தன்னை விரும்புகிறது என்ற நம்பிக்கையோ என்னவோ, அவர் அரைப் பேர் போடுவது குறைந்தது. பெண்களும், "கருக வேணாம்க்கா, பதமாவே குடுங்க" என்றார்கள்.

அண்மையில் கொழும்பிலிருந்து ஒரு பெண் வந்து சாப்பாட்டைப் பற்றி போனில் வீடியோ எடுத்தாள். கண்டக்டர் ஐயா வெள்ளைச் சட்டையோடு வந்து உட்கார்ந்து கதையைச் சொன்னார். அந்த நேரம் பார்த்து பஸ் கண்டக்டர் ரொட்டி வாங்க ஓடி வந்தார்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஐயாவ மறைக்கிறீங்க" என்றாள் அந்தப் பெண். அவர் தள்ளி நின்றார்.

வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அடுத்த கிழமை பஸ் கண்டக்டர் போனைக் காட்டிக்கொண்டே வந்தார்.

"அக்கா, இவ்வளவு நாளா நான் அந்த ஐயாட ரொட்டியவா சாப்பிட்டேன்? எனக்குத் தெரியாதே! நல்ல மனுசன்."

எனக்குத் தாங்கவில்லை. "தம்பி, அது ஒங்க பேருதான். மொதல்ல உள்ள வச்சு மூடித் தரச் சொல்லிக் கேட்டதே நீங்கதான், ஞாபகம் இல்லையா?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பொரு கியன்ன எபா அக்கே! பொய் சொல்லாதீங்க. வீடியோவுலயே இருக்கு." டிரைவர் ஹோர்ன் அடித்தார். படியில் ஏறியதும், முன் சீட்டில் இருந்தவரிடம் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார், சிங்களத்தில்.