நாற்பத்தொன்றும் நாற்பத்திரண்டும்

லாரி ஓட்டுவது ஒரு தொழில். எந்த லாரியை யார் எந்த ஊருக்கு ஓட்டுவது என்று எழுதுவது இன்னொரு தொழில், இரண்டாவதில்தான் வசவு அதிகம். இருபத்தாறு வருஷமாக அந்த வசவை வாங்கிக்கொண்டிருக்கிறேன். அரியமங்கலத்தில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனி. நாற்பத்திரண்டு டிரைவர்கள், ஒரே சங்கம். சங்கத்துக்கும் முதலாளிக்கும் உள்ள ஒப்பந்தத்தின்படி எல்லாமே சீனியாரிட்டிதான். யார் முன்னால் சேர்ந்தாரோ அவருக்கு முதல் தேர்வு. அந்தப் பட்டியலை எழுதுவதும், சங்கக் கூட்டத்தில் உரக்கப் படிப்பதும் என் வேலை.

கணவர் இறந்த வருஷத்தில் இந்த வேலைக்கு வந்தேன். தமிழ் இலக்கியம் படித்தவள் லாரி ஆபீசில் என்ன செய்வாள் என்று ஸ்ரீரங்கத்தில் பலர் கேட்டார்கள். தீர்த்தம் வாங்குவதற்கே இன்னாருக்குப் பின் இன்னார் என்று வரிசை உள்ள ஊரில் பிறந்தவளுக்கு இது புதிதா என்ன? தினமும் காலையில், மணல் மட்டுமே தெரிகிற காவிரியைப் பாலத்தில் கடந்து போகும்போது அந்த நாற்பத்திரண்டு பெயர்களையும் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அதில் ஒரு தாளம் இருக்கிறது. ஏதோ ஒரு பட்டியலில் கடைசியாக நின்று கால் கடுத்தவர்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். உங்களுக்குப் புரியும்.

முதல் சாவி

எங்கள் ஆபீஸ் சுவரில் ஒரு சாவிப் பலகை உண்டு. ஒவ்வொரு ஆணிக்கு மேலும் ஒரு லைனின் பெயர், ஆணியில் அந்த லைனுக்கு உரிய லாரியின் சாவி. தையிலும் ஆவணியிலும் ஒரு நாள், பட்டியல் வரிசைப்படி ஒவ்வொருவராக வந்து தமக்கு வேண்டிய சாவியை எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த ஆறு மாதத்துக்கு அதுதான் அவர் வண்டி, அதுதான் அவர் வழி. மொத்தம் நாற்பது சாவிகள். கடைசி இரண்டு பேருக்குச் சாவியே கிடையாது, அவர்கள் ஸ்பேர். யாராவது லீவு போட்டால் அவர் வண்டியில் ஏற வேண்டியதுதான்.

பட்டியலில் முதல் பெயர் மாணிக்கம். எத்தனையோ வருஷமாக அவர் எடுப்பது பெங்களூர் லைன்தான். புது வண்டி, நல்ல ரோடு, வெளியூரில் தங்கினால் கிடைக்கிற பேட்டாவும் அதில் அதிகம். இருந்தாலும் சாவிப் பலகை முன்னால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்பது பெயரையும் படித்து, ஒரு டீ குடித்து, மறுபடி படித்துவிட்டுத்தான் கையை நீட்டுவார். போன தையில், சேர்ந்து ஒரு மாதமே ஆன வின்சென்ட் என்ற இளைஞர் பொறுக்க முடியாமல், "அண்ணே, எப்பவும் எடுக்கிறதுதானே, சட்டுன்னு எடுங்களேன்" என்றார். மாணிக்கம் திரும்பாமலே சொன்னார்:

"இருபத்தெட்டு வருஷம் காத்திருந்து வாங்கின அஞ்சு நிமிஷம் தம்பி இது. மெதுவாத்தான் செலவு பண்ணுவேன்."

பெஞ்சு

ஸ்பேர் டிரைவர்களுக்கு என் மேஜைக்கு எதிரே ஒரு மர பெஞ்சு. அதில் உட்கார்ந்தவர்களுக்கு ஆபீசில் உள்ள அத்தனை பேர் வீட்டு விசேஷமும் அத்துபடி. யார் மகளுக்குச் சடங்கு, யார் மாமனாருக்கு ஆபரேஷன், யாருக்கு மூன்று நாளாக இருமல். கல்யாணப் பத்திரிகை வந்தால் சொந்தக்காரர்கள் சாப்பாட்டைப் பற்றி யோசிப்பார்கள். பெஞ்சில் இருப்பவர்கள் அன்றைக்கு எந்த வண்டி காலியாகும் என்று யோசிப்பார்கள். வைகுண்ட ஏகாதசி, பொங்கல், தீபாவளி எல்லாவற்றுக்கும் சீனியர்கள் லீவு. ஆகவே புதியவர்களின் பண்டிகைகள் எல்லாம் ஏதோ ஒரு டோல்கேட்டில்தான் விடியும்.

வின்சென்ட்டுக்கு வையம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமாகி ஐந்து மாதம். ஒரு தடவை ஓசூர், அங்கிருந்தே தூத்துக்குடி, திரும்பி வந்ததும் மறுபடி ஓசூர் என்று பத்தொன்பது நாள் அவர் வீடு போகவில்லை. இருபதாவது நாள் போனவர், மறுநாளே பெஞ்சுக்கு வந்துவிட்டார். அன்று மதியம் அவர் மனைவி ஸ்டெல்லா எனக்குப் போன் செய்தார். கோபமெல்லாம் இல்லை, தகவல் சொல்கிற குரல்:

"மேடம், எங்க வீட்டு நாய் அவரைப் பாத்துக் குரைக்குது. அது மறக்காத அளவுக்காவது அனுப்புங்க."

வெளியில் ஓட்டியது

வின்சென்ட் சேர்ந்த அதே நாளில் சேர்ந்தவர் மாரியப்பன். வயது நாற்பத்தைந்து. அஸ்ஸாம் வரைக்கும் லாரி ஓட்டியவர். ரிவர்ஸ் எடுப்பதைப் பார்த்தால் மாணிக்கமே ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். ஆனால் வெளியில் ஓட்டியதற்கு எங்கள் பட்டியலில் இடம் கிடையாது. இங்கே சேர்ந்த நாள்தான் பிறந்த நாள். ஆகவே இருபது வருஷம் வண்டி ஓட்டியவர் நாற்பத்திரண்டாவது பெயர். இருபத்தாறு வயது வின்சென்ட் நாற்பத்தொன்று.

மாரியப்பன் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. காட்டூரில் வீடு. மனைவி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ், பெரும்பாலும் நைட் டியூட்டி. தாமதமாகப் பிறந்த ஒரே பெண், ஆறு வயது. இவர் ஊரில் இல்லாத நாளெல்லாம் அந்தக் குழந்தை பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் படுக்கப் போகிறது. சாயங்காலம் வீடு திரும்புகிற லைன் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், அதற்காக எத்தனை நாள் வேண்டுமானாலும் பெஞ்சில் இருப்பேன் என்றார். வெளி அனுபவம் சேராது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது அவர் சிரித்தார்:

"பரவாயில்ல மேடம். என் பொண்ணு ஒண்ணாம் கிளாஸ். நான் இங்க எல்.கே.ஜி."

கடிதம்

மணப்பாறை, வையம்பட்டி என்று கடை கடையாகச் சரக்கு இறக்கிவிட்டு மாலை ஆறு மணிக்குள் திரும்புகிற லைன் ஒன்று உண்டு. நிறுத்தம் அதிகம், பேட்டா கிடையாது. ஆகவே சீனியர்கள் யாரும் அந்தச் சாவியைத் தொடமாட்டார்கள். எப்போதும் கடைசியாகச் சாவி எடுக்கிறவருக்குத்தான் மிஞ்சும். ஆவணிக்கு முன்னால் ஒருவர் ஓய்வு பெறுவதாக இருந்தது; அடுத்த தை வரை மற்றவர்களின் எண் மாறாது, அவர் எண் மட்டும் காலியாக இருக்கும். அப்படியானால் இந்தத் தடவை அது மிஞ்சப்போவது நாற்பத்தொன்றாம் பெயருக்கு. மாரியப்பனுக்கு அது சாயங்காலம் வீடு. வின்சென்ட்டுக்கு அது மதியச் சாப்பாடு மனைவி கையால்.

எண்ணிப் பார்த்தால் வின்சென்ட்டுக்குத்தான் என்று தெரிந்திருந்தும், அவருடைய தாய்மாமன் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பெரிய மனிதரிடம் சிபாரிசுக் கடிதம் வாங்கிவந்து சங்கச் செயலாளர் ஞானசேகரன் முன்னால் வைத்தார். வின்சென்ட் பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். ஞானசேகரன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார், மடித்தார், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்:

"ஐயா கையெழுத்து அழகா இருக்குங்க. அவர் நம்ம கம்பெனியில எந்த வருஷம் சேர்ந்தார்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

இரண்டு ஜெராக்ஸ்

இனி என் கதை. ஆவணியில் சாவி எடுப்பதற்கு ஆறு நாள் முன்பு, எல்லோருடைய ஃபைலையும் ஸ்கேன் செய்யச் சொன்னார்கள். மாரியப்பனின் ஃபைலைப் பிரித்தேன். அவருடைய லைசென்ஸ் ஜெராக்ஸ் இரண்டு இருந்தது. ஒன்று விண்ணப்பத்தோடு தைத்தது. இன்னொன்று தனியாக, நான்காக மடித்தது. அதைப் பார்த்ததும் அந்த மார்கழிக் காலை எனக்கு முழுதாக ஞாபகம் வந்துவிட்டது. அன்று முதலில் என் மேஜைக்கு வந்தவர் மாரியப்பன். காகிதங்களைக் கொடுத்தார். நான் அவசரத்தில் புரட்டி, லைசென்ஸ் நகல் இல்லையே, எதிர்க்கடையில் எடுத்துவாருங்கள் என்று அனுப்பினேன். கடையில் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருக்கிறார்கள். அவர் திரும்புவதற்குள் வின்சென்ட் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டார். நகல் முதலிலேயே இருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

ஒரே நாளில் இருவர் சேர்ந்தால், காகிதத்தை முதலில் கொடுத்தவர்தான் மேலே. அதுதான் விதி. அந்த விதியை எல்லோருக்கும் விளக்குகிறவள் நான். பட்டியல் ஒட்டப்பட்டபோது ஆட்சேபிக்க மூன்று நாள் உண்டு. ஆனால் புதிதாக வந்த மாரியப்பனுக்கு அந்த விதி தெரியாது, வரிசையைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஓய்வு பெறும் வரைக்கும், ஒவ்வொரு தையிலும் ஒவ்வொரு ஆவணியிலும், அவர் வின்சென்ட்டுக்கு ஒரு படி கீழே.

மடித்த தாளைக் கிழித்துப் போட்டிருந்தால் யாருக்கும் தெரியாது. கையில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுதும் உட்கார்ந்திருந்தேன். என் பட்டியலில் அதுவரை ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. அதில் எனக்கு எவ்வளவு கர்வம் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. மறுநாள் ஞானசேகரனிடம் போய், நடந்ததைச் சொல்லி, கூட்டத்தில் நீங்களே அறிவித்துவிடுங்கள் என்று கேட்டேன். அவர் தலையசைத்தார்:

"அது சரியா வராது மேடம். எழுதினதும் நீங்க, படிக்கிறதும் நீங்க. திருத்தறதும் நீங்கதான்."

கூட்டம்

சங்கக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். முடிக்கும் வரை நிறுத்தவில்லை. மாரியப்பன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். வின்சென்ட் எழுந்துவிட்டார். "மேல எழுதினது உங்க தப்பு மேடம். கீழ இறங்கறது மட்டும் எப்படி என் தலையில வருது?" என்றார். பின்வரிசையில் ஒருவர், "ரெண்டு பேரும் பேசி லைனை மட்டும் மாத்திக்கட்டுமே" என்றார். ஞானசேகரன் மறுத்துவிட்டார். இன்றைக்கு மாற்றிக்கொள்ளவிட்டால் நாளைக்கு லைன் விலைக்கு வந்துவிடும் என்பது சங்கத்தின் பழைய பயம்.

வின்சென்ட் வாட்ச்மேனின் கேட் நோட்டைக் கேட்டார். கொண்டுவந்தார்கள். அந்த மார்கழி நாளின் பக்கத்தை எடுத்து விரல் வைத்துப் படித்தார். மாரியப்பன் ஏழு நாற்பது. வின்சென்ட் எட்டு ஐந்து. நாமக்கல்லில் ஒரு லாரி முதலாளி வின்சென்ட்டை வேலைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். இப்படியே எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். நோட்டை மூடினார்:

"எட்டஞ்சுதான். வழியில பொங்கல் நல்லா இருந்துச்சு, ரெண்டாவது பிளேட்டும் சாப்பிட்டேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

போன்

சிவப்பு மையில் இரண்டு பெயரையும் அடித்து, இடம் மாற்றி எழுதினேன். இருவரும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள், நானும் போட்டேன். சாவி எடுக்கும் நாளில் மாணிக்கம் தமது ஐந்து நிமிஷத்தை எடுத்துக்கொண்டார். ஒவ்வொருவராக வந்தார்கள். பலகையில் கடைசியாக ஒரே சாவி, வையம்பட்டி லைன். நாற்பத்தொன்று என்று படித்து மாரியப்பன் பெயரைச் சொன்னேன். அவர் எடுத்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டு, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டார். அன்று முதல் அந்தக் குழந்தை தன் வீட்டில் படுக்கிறது.

பெஞ்சில் வின்சென்ட் தனியாக இருந்தார். மறுநாள் அவருக்கு ஓசூர். டியூட்டிச் சீட்டை வாங்கிக்கொண்டு, "நாப்பத்தொண்ணு, லைன் கிடைச்சிடும்னு வீட்ல சொல்லி வெச்சிருக்கேன். நாப்பத்திரண்டுன்னு நீங்களே சொல்லிடுங்க மேடம். நாமக்கல் போறதா இருக்கறதா, அவதான் முடிவு பண்ணணும்" என்று என் மேஜைப் போனை என் பக்கம் நகர்த்தினார். நியாயம்தானே. போன் செய்தேன். ஜெராக்ஸிலிருந்து சிவப்பு மை வரை எல்லாம் சொன்னேன். ஸ்டெல்லா குறுக்கே பேசவில்லை. நான் முடித்ததும் அந்தப் பக்கத்தில் நாய் ஒரு தடவை குரைத்தது. பிறகு ஸ்டெல்லா கேட்டார்:

"தப்புப் பண்ணினவங்களே போன் பண்ணிச் சொல்ற ஆபீஸா மேடம் அது? அப்ப அங்கேயே இருக்கச் சொல்லுங்க."

ஒரே ஒரு பெயரை ஒரே ஒரு படி கீழே இறக்குவதற்கு எனக்கு இருபத்தாறு வருஷ சீனியாரிட்டி தேவைப்பட்டது.