ஜீப்புக்குப் புது பிரேக் போட்ட பிறகு

கூடலூரிலிருந்து குமுளிக்கு ஏலத்தோட்ட வேலையாட்களை ஏற்றிப் போகும் பழைய ஜீப் எங்களுடையது. பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்தால்தான் பிடிக்கும். நான் நச்சரித்ததால் என் கணவர் மிதிக்கும் விசையைப் பல மடங்காக்கும் பூஸ்டர் வைத்த டிஸ்க் பிரேக் மாற்றினார். லேசாக மிதித்தாலே வண்டி நின்றது. எனக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்த வாரமே குமுளியில் ஒரு விசேஷம் முடிந்து, மகளோடு மலை இறங்கினோம். டீசல் மிச்சம் பிடிக்க, இறக்கத்தில் என்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டி வருவது எங்கள் ஊர் டிரைவர்களின் வழக்கம். அவரும் டேஷ்போர்டில் இருக்கும் குமிழை இழுத்து என்ஜினை அணைத்தார். இரண்டு வளைவில் நன்றாகத்தான் பிடித்தது. அடுத்த வளைவில் அவர் முகம் மாறியது.

"என்னங்க?"

"பிரேக்கு கல்லு மாதிரி இருக்குடி. பிள்ளையப் பிடிச்சுக்க!"

எதிரே லாரி. அவர் பாறைப் பக்கம் ஒடித்து, கியரைப் போட்டார். வண்டி குலுங்கி, பாறையை உரசிக்கொண்டே போய் நின்றது. மகளுக்கு உதடு கிழிந்து ரத்தம்.

பிரேக் மாற்றித் தந்த மெக்கானிக் நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "என்ஜின் ஓடுனாத்தாண்ணே பூஸ்டர் வேலை செய்யும். அமத்துனா ரெண்டு மூணு மிதிக்குத்தான் தாங்கும். நீங்க அமத்திட்டு இறங்குவீகன்னு நான் கண்டேனா?"

இனி அணைக்கமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்திருக்கிறார். இருந்தாலும் இறக்கம் தொடங்கியதும் அந்தக் குமிழை என் கையால் மூடிக்கொள்கிறேன். ஏதோ பேசிக்கொண்டே வரும்போது அவர் கை தானாக அங்கே வருகிறது. என் விரல்மேல் பட்டதும் திரும்பிப் போகிறது.