மச்சினன் கடைக் காப்பிக்கு நான் கொடுத்த நற்சான்று

எங்கள் குடும்பத்தில் காப்பியைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை எனக்கு மட்டுமே உண்டு. யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டேன்.

ஐம்பதைத் தாண்டியதும் டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். எனக்கு நடப்பதில் ஆர்வம் கிடையாது, உட்கார்வதில் உண்டு. ஆகவே நம் ஆட்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு காப்பிக்கடையிலிருந்து இன்னொரு காப்பிக்கடை வரை நடப்பது என்று இரண்டுக்கும் சமரசம் செய்துகொண்டேன். ஊரெல்லாம் கிளை வைத்திருக்கும் பெரிய கடைகளுக்குள் நுழைவதில்லை. ஒற்றை ஆளோ, புருஷன் பெண்டாட்டியோ நடத்தும் சின்னக் கடைகள்தான். கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய பழைய கடைவீடுகளின் மாடியிலும், பூக்கடைகளுக்குப் பின்னால் போகும் சந்துகளிலும், மோனோரயில் சத்தம் தலைக்கு மேல் உருளும் இடங்களிலும் அப்படிக் கடைகள் முளைத்துக்கொண்டே இருந்தன. போய்ப் பார்த்ததையெல்லாம் ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் கொஞ்சம் கிண்டலாக எழுத ஆரம்பித்தேன். நாலு பேர் படித்தார்கள். அந்த நாலு பேரில் மூன்று பேர் என் மனைவியின் சொந்தக்காரர்கள்.

உண்மையைச் சொன்னால், நான் டின் பாலும் சீனியும் போட்ட கோப்பியில் வளர்ந்தவன். புதுக் கடைகளில் கோப்பையோடு ஒரு சிறிய அட்டை வைப்பார்கள்: மல்லிகை, பீச் பழம், கருப்புத் திராட்சை என்று எழுதியிருக்கும். நான் பீச் பழத்தைச் சாப்பிட்டதே கிடையாது. இருந்தும் ‘பீச் சற்றுத் தூக்கலாக இருந்தது’ என்று எழுதியிருக்கிறேன். ஆனால் ஒன்று, கருகிய காப்பி எது என்று எனக்குத் தெரியும். அதற்கு அட்டை தேவையில்லை.

இப்படி என் புகழ் கிள்ளான் வரை பரவியிருந்த காலத்தில்தான் என் மச்சினனுக்கு வேலை போனது. மனைவிக்கு அடுத்துப் பிறந்தவன், ஒரே தம்பி. ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவன். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது. கையில் கிடைத்த தொகையை எடுத்துக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான்.

“அத்தான், காப்பிக்கடை போடலாம்னு இருக்கேன். பிரிக்ஃபீல்ட்ஸ்லயே. மாடியில ஒரு இடம் இருக்கு. நீங்கதான் காப்பி எக்ஸ்பர்ட்லா. என்ன சொல்றீங்க?”

எக்ஸ்பர்ட் என்ற சொல்லுக்குப் பிறகு நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

திறப்பு விழா நம் முறைப்படி சிறப்பாக நடந்தது. எஸ்பிரெஸோ இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டார்கள். பக்கத்தில் குத்துவிளக்கு. படியில் பூசணிக்காய் உடைத்ததில் கீழ்க்கடைக் கண்ணாடி அலமாரி வரை தெறித்தது. பந்திங்கிலிருந்து இரண்டு வேன்களில் உறவினர்கள் வந்து இறங்கினார்கள். முதல் கோப்பையை முருகன் படத்துக்கு முன்னால் வைத்தான். முருகன் குடிக்கவில்லை, அவர் கெட்டிக்காரர். இரண்டாவது கோப்பையை என் கையில் கொடுத்தான்.

நாக்கில் பட்டதும் தெரிந்துவிட்டது. சட்டி தீய்ந்த வாசனை. அதன் அடியில் ஒரு புளிப்பு. பால் இரண்டையும் மூடப் பார்த்துத் தோற்றிருந்தது.

சுற்றி அத்தனை பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சினன் புது வேட்டி கட்டி, அதன் மேல் காப்பிக்கடைக்காரர்கள் கட்டும் தோல் ஏப்ரனும் கட்டியிருந்தான். நல்ல நாளும் அதுவுமாகக் கடை வாசலில் நின்று குறை சொல்வதா? அபசகுனம் அல்லவா?

“அருமை மச்சான்” என்றேன். “முதல் தரம்.”

எல்லாரும் கை தட்டினார்கள். ஓர் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு வந்த காப்பியாலும் இருக்கலாம்.

நல்ல நாளில் பொய் சொல்வது நம் ஆட்களிடம் மன்னிக்கப்பட்ட குற்றம். கல்யாண வீட்டில் சாம்பார் எப்படி இருந்தாலும் பிரமாதம்தான். சிக்கல் என்னவென்றால், அந்தப் பொய்யை மறுநாள் திருப்பி எடுத்துக்கொள்ள நம்மிடம் சடங்கு ஏதும் இல்லை. மறுநாள் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போனேன். ஆனால் அவன் கதவைத் திறக்கும்போதே, “அத்தான், நேத்து நீங்க சொன்னதைக் கேட்டு ராத்திரி முழுக்கத் தூக்கமே வரல, அவ்வளவு சந்தோஷம்” என்றான். நான் இன்னொரு கோப்பை குடித்துவிட்டு வந்தேன்.

திறப்பு விழாவுக்கு வந்த இரண்டு வேன்களும் திரும்பி வரவில்லை. அதுவும் நம் வழக்கம்தான். படம் எடுத்து எல்லாக் கைபேசிக் குழுக்களிலும் போட்டு, ‘சூப்பர்லா, கண்டிப்பா வரணும்’ என்று எழுதி, பிறகு மறந்துவிடுவோம். இரண்டாவது வாரம் மச்சினன் என்னிடம் ஒரு சின்ன உதவி கேட்டான்.

“காலையில ஒரு மணி நேரம் சன்னல் ஓரமா புக்கு வச்சிக்கிட்டு உக்காருங்க அத்தான். போதும். கீழயிருந்து பாக்குறவங்களுக்கு ஆள் இருக்குன்னு தெரியணும். காலிக் கடைக்கு எவனும் ஏற மாட்டான்.”

வாழ்க்கையில் எனக்குப் பொருத்தமாக அமைந்த ஒரே வேலை அது. பதினோரு நாள் செய்தேன். உட்கார்வது கடினமாக இல்லை. அவன் ஆசையோடு கொண்டுவந்து வைக்கும் காப்பிதான் கடினமாக இருந்தது. கடைசி நாட்களில், “டேக் அவே குடு மச்சான், நடந்துக்கிட்டே குடிக்கணும், டாக்டர் ஆர்டர்” என்று வாங்கிக்கொண்டு பின் சந்துக்குப் போய்ச் சாக்கடையில் ஊற்ற ஆரம்பித்தேன். அங்கே மாலை கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா ஒருநாள் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

“என்னண்ணே, தினமும் வந்து பால் ஊத்துறீங்க. யாரு போயிட்டாங்க?”

அன்றோடு சன்னல் வேலையை விட்டேன். முட்டி வலி என்று மச்சினனிடம் சொன்னேன். முட்டி வலிக்காரனான நான் பிரிக்ஃபீல்ட்ஸின் மற்றக் கடைகளுக்கெல்லாம் படியேறிக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம். அவன் சன்னலிலிருந்து தெரியாதபடி ஒரு தெரு சுற்றிப் போவேன். டாக்டர் சொன்ன நடை அந்த மாதங்களில்தான் ஒழுங்காக நடந்தது. ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு கடையைப் பற்றி எழுதினேன். அவன் கடையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது மாதம் வீட்டுக்கு வந்தான். இளைத்திருந்தான். கிள்ளானிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்து கடை திறப்பதாக என் மனைவி ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

“ஆள் வர்றாங்க அத்தான். ஒரு வாட்டி வர்றாங்க. மறுவாட்டி வரல. எங்க தப்புன்னே தெரியல. காப்பியில ஏதாச்சும்...?”

என் மனைவி சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அவள் டீ குடிப்பவள். தம்பி கடைக் காப்பியைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று ஆரம்பத்திலேயே தப்பித்துக்கொண்டவள். இப்போது சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆறு மாதமாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன பதில் என்ற யோசனை குறுக்கே வந்தது.

“காப்பி பிரச்சினை இல்ல மச்சான்” என்றேன். “மாடி. அதான் பிரச்சினை. கீழ ஒரு நல்ல போர்டு வை.”

வைத்தான். விளக்கெல்லாம் எரியும் பெரிய பலகை. மேலே ஏறி வந்து கருகிய காப்பி குடித்தவர்களின் எண்ணிக்கையை நான் அந்த ஒரு யோசனையால் கொஞ்சம் கூட்டினேன்.

பத்தாவது மாதம் ஒரு சனிக்கிழமை, மனைவி காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்.

“வாடகை ஒப்பந்தம் வருஷக் கடைசியில முடியுதாம். புதுப்பிக்கிறதா, இழுத்து மூடுறதான்னு தம்பி இந்த வாரம் முடிவு பண்ணணும். ஒரு எட்டு போய்ட்டு வாங்க. ஊர்ல இருக்கிற கடையெல்லாம் ஏறி இறங்குறீங்க. முட்டி இப்ப நல்லாத்தானே இருக்கு?”

கடைசிக் கேள்வியைக் கேட்கும்போது அவள் நிமிரவில்லை. எவ்வளவு காலமாகத் தெரியும் என்று நானும் கேட்கவில்லை.

போனேன். படியேறும்போதே வாசனை வேறு மாதிரி இருந்தது. உள்ளே இரண்டு மேசைகளில் ஆட்கள். சன்னல் ஓரத்தில், என் பழைய நாற்காலியில், கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் சீன அம்மா உட்கார்ந்திருந்தார். திறப்பு விழாவில் பூசணிக்காய் தெறித்தது அவர் அலமாரியில்தான். மச்சினன் என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து வந்து எதிரே உட்கார்ந்தான்.

“ஆன்டிதான் அத்தான் கண்டுபிடிச்சாங்க. போன மாசம் ஏறி வந்தாங்க. ஒரு வாய் குடிச்சிட்டு, ‘பாஸ், இது காப்பி இல்லலா, கரி’ன்னு மலாய்ல கத்துறாங்க. கடையில ரெண்டு பேரு இருக்காங்க, எனக்கு மானமே போச்சு. அப்புறம் மெஷின் சர்வீஸ் பண்றவரைக் கூப்பிட்டேன். தண்ணிச் சூடு ரொம்ப அதிகமா வச்சிருக்கேனாம். அரைக்கிறது ரொம்ப நைசா இருக்காம். கொட்டையும் பழசாம். மொத்தம் அரை நாள் வேலை.”

அரை நாள்.

“ஒம்பது மாசம் அப்படியே ஊத்தியிருக்கேன் பாருங்க. எனக்குச் சந்தேகமே வரல. நீங்க நல்லா இருக்குன்னு சொல்லிட்டீங்க, அப்ப காப்பி சரிதான், வேற எங்கயோதான் தப்புன்னு தேடிக்கிட்டே இருந்தேன்.”

குத்திக்காட்டுகிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. குத்திக்காட்டியிருந்தால் ஒரு நகைச்சுவை சொல்லித் தப்பித்திருப்பேன். அவன் எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“உங்க மேல தப்பில்ல அத்தான். சொந்தக்காரங்களுக்குக் குடிச்சா நல்லாத்தான் தெரியும், பாசம்லா. பேப்பர்ல எழுதாததுகூட எனக்குப் புரியும். சொந்தக்காரன் கடையை எழுதுனா நாலு பேரு தப்பா பேசுவாங்க.”

பாசம். நான் சாக்கடையில் ஊற்றியதற்கு அவன் வைத்த பெயர் அது. ‘முதல் நாளே தெரியும் மச்சான்’ என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். அதைவிட நல்ல இடம் இனி அமையாது. நான் சொல்லவில்லை. இங்கே எழுதுவதுபோல் அங்கே வருவதில்லை.

எழுந்து போய் இரண்டு கோப்பைகள் போட்டு வந்தான். ஒன்றை என் முன்னால் வைத்தான். குடித்தேன். நன்றாக இருந்தது. மனமறியச் சொல்கிறேன், அந்த வருஷம் பிரிக்ஃபீல்ட்ஸில் நான் குடித்த காப்பிகளில் முதல் மூன்றில் வைப்பேன்.

“நல்லா இருக்கு மச்சான்” என்றேன். “உண்மையிலேயே.”

“தேங்க்ஸ் அத்தான்” என்றான், வீட்டுக்கு வந்த பெரியவர் குழந்தைக்குத் திருநீறு பூசும்போது பெற்றவர்கள் மரியாதைக்குச் சொல்வதுபோல. சொல்லிவிட்டு மற்றக் கோப்பையைத் தட்டில் எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் போனான். சீன அம்மா ஊதினார், ஒரு வாய் குடித்தார், வாயிலேயே கொஞ்சம் வைத்திருந்தார். மச்சினன் தட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவர் தொண்டையையே பார்த்தபடி நின்றான்.

“இன்னிக்கு ஓகேலா, பாஸ்” என்றார் அவர், தமிழிலேயே.

அவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. கல்லாவுக்குப் போய் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாளை எடுத்துவந்து, என் மேசையில் காப்பி சிந்தாத இடமாகப் பார்த்து விரித்தான். பைகளைத் தடவினான்.

“அத்தான், அந்தப் பேனாவக் கொஞ்சம் குடுங்க.”

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்தின் முதல் கோட்டிலேயே மை வரவில்லை. வாங்கி, இரண்டு தடவை உதறி, திரும்பக் கொடுத்தேன்.