ஒரு நூல் இடைவெளி

பட்டறைப் பேச்சில் ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. லாரிகளுக்குப் பாடி கட்டும் அந்தப் பட்டறைக்காரருக்கு அந்த எட்டில் ஒரு பங்கே பெயராக ஒட்டிக்கொண்டது. வேலையாட்கள் நூலண்ணன் என்பார்கள். வண்டிக்காரர்கள் வெறும் நூல் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்சார ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது. கல்யாணத்துக்கு முன் ஆறு மாதம் தனக்கு நூல் விட்டுப் பார்த்ததால் வந்த பெயர் அது என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள். அவர் முறைப்பார். ஆனால் ஒருநாளும் மறுத்ததில்லை.

முதலில் ஜன்னல் கம்பி, இரும்புக் கதவு என்றுதான் கை பழகியது. கதவு வேலையில் ஒரே சட்டம்தான்: ஆடக்கூடாது. கீல் ஆடினால் செய்தவன் மானம் போயிற்று. லாரி வேலைக்கு வந்தபோது அந்தச் சட்டத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நட்டை முடுக்குவார், மூச்சு வாங்கிக்கொண்டு இன்னும் கால் சுற்று முடுக்குவார். அவர் கட்டிய பாடி குண்டும் குழியுமான சாலையிலும் வாயைத் திறக்காது. அந்த இறுக்கத்துக்காகவே தூரத்திலிருந்தெல்லாம் அவரைத் தேடி வந்தார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதரின் வீட்டில் இப்போது ஒரு குழாயும் ஒழுங்காக மூடுவதில்லை. நான்கு வருஷமாக இந்தக் கூத்து. திருகிக்கொண்டே வருவார், கடைசித் திருகலுக்கு முன் கை தானாக நின்றுவிடும். ஜாடி மூடிகள் சும்மா ஒப்புக்கு உட்கார்ந்திருக்கும். மூடி கையிலும் ஜாடி தரையிலுமாக மனைவி பல தடவை நின்றிருக்கிறாள். இந்த மனுஷனுக்கு முடுக்குகிற நரம்பு அறுந்துபோயிற்று என்று ஆரம்பத்தில் சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, என்ன ஆயிற்று என்று ஒருநாள் நேராகவே கேட்டாள். வயதாகிறது என்று மழுப்பிவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பிவிட்டார்.

பட்டறையிலும் அவருக்கு நிம்மதி இல்லை. கடகடவென்று ஒரு லாரி வாசலைத் தாண்டினால் பரவாயில்லை. சத்தமே இல்லாமல் ஒன்று கிளம்பினால் நெஞ்சை அடைக்கும். அப்போதெல்லாம் அந்த வண்டியின் பின்பக்கம், இடுப்பில் கை வைத்து, தலையைச் சாய்த்துக் காது கொடுத்தபடி ஒரு ஆள் நிற்பது தெரியும். தங்கையின் கணவர், செத்துப்போனவர். பேய்க்கு உரிய நேரம் காலமெல்லாம் அவருக்குக் கிடையாது, பட்டப்பகலில் பத்து மணிக்கே வந்துவிடுவார். திட்ட மாட்டார், அழ மாட்டார். வண்டியில் சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்பார். திட்டினால் தேவலை என்று நூலண்ணனுக்கு இருக்கும்.

மாப்பிள்ளை பல் செட் செய்கிறவர். தங்கை ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். இருவருக்கும் ஒரே கிறுக்கு. லாரியின் முதுகில் சின்னதாக ஒரு அறையை ஏற்றி, படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியுமாக, சாலை முடிகிற இடத்தையும் தாண்டிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அந்த அறையைத் தாங்க, பக்கச் சுவர் இல்லாத தட்டையான அலுமினியத் தளம் ஒன்றை நூலண்ணன்தான் செய்தார். பொருத்தும்போது மாப்பிள்ளை கூடவே நின்றார். மேடு பள்ளத்தில் லாரியின் அடிச்சட்டமான சேஸிஸ் ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுக்கும். தளமும் சேர்ந்து முறுக்கினால் வெல்டிங் ஓரத்தில் கீறல் விடும். அதனால் முன்பக்கத்து நான்கு போல்ட்டுக்கும் ஸ்பிரிங் போட்டு, சுருளுக்குச் சுருள் ஒரு நூலாவது இடைவெளி விட வேண்டும் என்று படித்துவிட்டு வந்து சொன்னார். நூலண்ணன் தலையாட்டினார். விஷயம் காதில் ஏறியது, கைக்கு இறங்கவில்லை.

ஓட்டிப் பார்த்தபோது தளம் கடகடத்தது. மாப்பிள்ளை அதைக் கேட்டு, சரியாக இருக்கிறது என்று சிரித்தார். நூலண்ணனுக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் பட்டறை வண்டி இப்படிப் பல் ஆடுகிற கிழவன் மாதிரி உளறிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுவதா? மாப்பிள்ளை வண்டியை எடுக்க வருகிற அன்று காலை, அவர் வருவதற்கு முன்பே, ஸ்பிரிங் சுருள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் வரை நான்கையும் முடுக்கிவிட்டார். நல்லது செய்கிற நினைப்புதான். சொன்னால் மறுபடி தளர்த்தச் சொல்வாரே என்று சொல்லவில்லை.

முதலில் மாப்பிள்ளை தனியாகப் போவது, தங்கைக்கு விடுப்பு கிடைத்ததும் வழியில் சேர்ந்துகொள்வது என்று ஏற்பாடு. பதினோராம் நாள் மலைப்பாதை வளைவொன்றில் தளம் ஒரு பக்கம் பிய்ந்து அறை சரிந்தது. அதன் பாரம் லாரியையும் பள்ளத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. மழை, வளைவு, வேகம் என்று போலீசார் எழுதிக்கொண்டார்கள். நொறுங்கிய வண்டியை எடுத்துவரப் போனவர் நூலண்ணன். முன் போல்ட்டுக்குப் பக்கத்தில் தளம் விட்டுப்போன இடத்தைப் பார்த்தார். அன்றைக்கு உடைந்த அலுமினியம் பளபளக்கும். இது மங்கி, அழுக்கேறி இருந்தது; பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீறிக்கொண்டே வந்திருக்கிறது. அந்தத் துண்டைத் தன் கையாலேயே அறுத்து, உருக்குகிற சரக்கோடு சரக்காக அனுப்பிவிட்டார். தங்கையிடம் மழை என்றார். அவருக்கு இருப்பது அந்த ஒரே தங்கை.

அந்தத் தங்கைதான் இந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு லாரியோடு வந்து நின்றாள். நான்கு சக்கரமும் இழுக்கிற ரகம், முன்னால் டிரைவர் அறை, பின்னால் வெறும் சேஸிஸ். ஆறு மாத விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டாளாம். புருஷன் முடிக்காத வழியைத் தான் முடிக்கப் போகிறாளாம். அதே அலுமினியத் தளம் வேண்டும், அண்ணன்தான் செய்ய வேண்டும்.

நூலண்ணன் சுற்றி வளைத்தார். மரத்தளம் போடலாம் என்றார். தண்ணீர் குடித்து ஊதும் என்று அவளே பதில் சொன்னாள். இரும்புதான் நல்லது என்று அடுத்தபடியாகப் பிடித்துக்கொண்டார். இரும்பு வளையும், துருப்பிடிக்கும், ஆனால் சொல்லிவிட்டுத்தான் உடையும். எந்த ஊர்க் கோடியிலும் ஒட்டவைக்க ஆள் இருக்கும். அலுமினியம் அழுத்தமான ஜாதி, சிவக்காமலேயே உருகிவிடும், மூச்சுக் காட்டாமல் விட்டுப்போகும். இதையெல்லாம் சொல்லும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தாள். அறை இத்தனை கிலோ, தண்ணீர் இத்தனை, பாட்டரி இத்தனை, பின் அச்சு தாங்குவது இத்தனை. இரும்புத் தளம் என்றால் பாதித் தண்ணீரை இங்கேயே கொட்டிவிட்டுப் போக வேண்டும். அலுமினியத் தளம் இரும்பில் பாதி எடைதான். இரும்பும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் வெள்ளையாகப் பூத்து அரிக்கும், நடுவே ரப்பர் போட வேண்டும் என்பது வரைக்கும் எழுதி வைத்திருந்தாள். கணக்கில் ஓட்டை கிடைக்காமல் நூலண்ணன் கடைசியில், தனக்குக் கை முன்போல் ஓடவில்லை, வேறு இடம் பார் என்றார்.

அவளுக்கு வருத்தம்தான். ஆனாலும் வற்புறுத்தவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கடையில் தயாராகச் செய்த அலுமினியத் தளம் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்னாள். இரண்டே நாளில் பொருத்திக் கொடுப்பார்களாம். தப்பித்தோம் என்று அவருக்கு ஒரு நொடி உடம்பு லேசானது.

"உன் வேலை மாதிரியேதான் இருக்கு அண்ணா. சேஸிஸோட சேர்த்து அப்படி இறுக்கிடறாங்க. கொஞ்சம்கூட ஆடல."

லேசான உடம்பு கல்லாகிவிட்டது. லாரியின் பின்பக்கம் மாப்பிள்ளை வந்து நின்றுகொண்டிருந்தார். வழக்கம்போல் காது கொடுக்கவில்லை. தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டால் தங்கை என்றைக்கும் தங்கையாக இருப்பாள், மலைப்பாதை வரைக்கும். வாயைத் திறந்தால் உயிரோடு இருப்பாள், இந்த வாசலை மிதிக்க மாட்டாள். நூலண்ணன் வாயைத் திறந்தார்.

"அங்க போடாதே. இறுக்கிப் பூட்டினா உடையும்."

"நீயும் இறுக்கித்தானே பூட்டுவே?"

"மாப்பிள்ளை வண்டியையும் நான்தான் இறுக்கினேன்மா. ஆடட்டும்னு அவர் சொன்னாரு. அவருக்குத் தெரியாம நாலையும் முடுக்கிட்டேன். அதுதான் விட்டுப்போச்சு. மழையில்ல."

மீதியையும் சொன்னார், துண்டை அறுத்து அனுப்பியது உட்பட. சொல்லி முடித்துவிட்டு, அடிக்கட்டும், காறித் துப்பட்டும் என்று நின்றார். நான்கு வருஷமாக இந்தக் கணத்தை எத்தனையோ விதமாகப் பயந்து பார்த்திருக்கிறார். அவள் எதையும் செய்யவில்லை. எத்தனையோ விபத்துக்கு முதல் ஆளாகப் போய் இறங்குகிறவள், லாரியின் டயரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள்.

"கிளம்பின ரெண்டாம் நாள் மத்தியானம் போன் பண்ணினார்," என்றாள். "சத்தம் நின்னுபோச்சு, உங்க அண்ணன் வேலையாத்தான் இருக்கும், தளர்த்தப் போறேன்னார். ஸ்பேனரைக் கையில வச்சுக்கிட்டுதான் பேசினார்."

நூலண்ணனுக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது, புரியாமலே இருந்திருக்கலாம்.

"நான்தான் வேணாம்னேன். எங்கண்ணன் யோசிக்காம ஒண்ணு செய்ய மாட்டாரு, கை வைக்காதீங்கன்னேன். சரின்னு ஸ்பேனரைக் கீழ வச்சிட்டார்."

அவள் கண்கள் தரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தன. இத்தனை நாளும் அவளுக்கு அது ஒரு சாதாரண போன் பேச்சு. புருஷனோடு பேசிய எத்தனையோ பேச்சில் ஒன்று. இப்போது அது என்ன என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிவித்தவர் நூலண்ணன். உண்மையைச் சொன்னால் தங்கையை இழப்போம் என்றுதான் அவர் பயந்தார். தன்னைப் பிடித்தது அவளையும் பிடித்துக்கொள்ளும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவளைத் தொட நீட்டிய கையை, தொடலாமா என்று தெரியாமல் மடக்கிக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து அவள் எழுந்து வெறும் சேஸிஸின் பக்கம் போனாள். முன்பக்கம் போல்ட் வரவேண்டிய இடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"அலுமினியமே போடு," என்றாள். "நட்டை நான் பூட்டறேன். நீ தொடக்கூடாது."

அவர் சரி என்றார். அவள் அளவு நாடாவின் ஒரு முனையை அவரிடம் நீட்டினாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அளக்க ஆரம்பித்தார்கள்.