ஏரியில் லெஃப்ட் சைடு

இன்று அந்த அங்கிளிடம் நான் சொல்லாதது இதுதான்: தண்ணீரில் நேருக்கு நேர் வந்தால் ரெண்டு பேருமே ரைட்டில் ஒதுங்கணும்.

டெங்கில் ஊருக்குப் பக்கத்து ஏரியில், கயாக் என்கிற துடுப்புப் படகில் போனோம். முன்னால் நீச்சல் தெரியாத என் தங்கை, பின்னால் நான். எதிரே வாடகை மோட்டார் போட்டில் அவர். நான் ரைட்டில் திருப்பினேன். அவர் கார் ஓட்டுகிற பழக்கத்தில் லெஃப்டில் திருப்பி, நேராக எங்கள் மேலேயே வந்தார்.

கயாக் கவிழ்ந்தது. லைஃப் ஜாக்கெட் புண்ணியத்தில் தங்கை இருமிக்கொண்டே மேலே வந்தாள்.

"ஏம்மா, லைசென்ஸ் எடுத்தியா இல்லையா? மலேசியாவுல எல்லாரும் லெஃப்ட்லதான் போகணும்லா!" என்று கத்தினார்.

"சொல்லுக்கா, அவருக்குத்தான் தெரியல," என்றாள் தங்கை, நடுங்கிக்கொண்டே.

என் வாய் வரை வந்து நின்றதெல்லாம் கெட்ட வார்த்தைகள். அதனால் வாயை இறுக்க மூடிக்கொண்டேன். அவர் போய்விட்டார்.

கரையில் ஈரத்துணியோடு தே ஐஸ், அதான் ஐஸ் போட்ட டீ, குடித்தோம். இந்த மாதிரி ஆளுக்கு நான் எதற்கு ஓசியில் பாடம் எடுக்கணும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீங்களாக இருந்தால் எடுத்திருப்பீர்களா?

அரை மணி நேரத்தில் அவர் மறுபடியும் லெஃப்டில் ஒதுங்கி, ஒரு குடும்பம் மிதித்துக்கொண்டு வந்த பெடல் போட்டை இடித்தார்.