முட்புதர் தலைவியான கதை

எங்கள் பிளாக்கின் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் குழுவுக்கு அன்பியம் என்று பெயர். பழைய தலைவி, கணவர் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் போனார். புதுத் தலைவி யார் என்று ஃபாதர் கேட்டார். எதிர்வீட்டு அக்காவுக்குச் சர்க்கரை. பக்கத்து வீட்டில் பிளஸ் டூ பரீட்சை. இன்னொருத்தியின் கணவருக்கு ஷிப்ட். என் கணவருக்கும் ஷிப்ட்தான், ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஆசை. "சரி ஃபாதர், வேற வழி?" என்று சலித்துக்கொண்டே தலைவியானேன்.

முதல் கூட்டத்தில் பைபிள் வாசித்து, நீதியும் தலைமையும் பற்றி நானே சிந்தனை சொல்ல வேண்டும். ஃபாதர் குறித்துக் கொடுத்த பகுதியை முன்கூட்டிப் படித்துப் பார்க்கவில்லை. புடவை தேர்ந்தெடுக்கவே நேரம் சரியாக இருந்தது. கணீரென்று வாசித்தேன். மரங்கள் தங்களுக்கு ராஜா தேடுகின்றன. எண்ணெய் கொடுக்கும் வேலையை விட்டு வர முடியாது என்கிறது ஒலிவ மரம். அத்திக்குப் பழம், திராட்சைக்கு ரசம், ஆளாளுக்கு வேலை. கடைசியில் வேலைவெட்டி இல்லாத முட்புதர் ஒப்புக்கொண்டு, என் நிழலுக்கு வாருங்கள் என்று வேறு கூப்பிடுகிறது.

முதலில் சிரித்தது எதிர்வீட்டு அக்கா. பிறகு எல்லோரும். ஃபாதர் இருமிப் பார்த்தார், அடங்கவில்லை. கோபத்தில் எனக்குச் சிந்தனையெல்லாம் மறந்துபோனது.

வாசலோரம் உட்கார்ந்திருந்த ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கணவன் காண்ட்ராக்ட் தொழிலாளி, வீடு டவுன்ஷிப்புக்கு வெளியே. ஜெபமாலை மாதமான அக்டோபரில் மாதா சிலையை வீடு வீடாக எடுத்துப்போவோம். அவள் வீட்டுக்கு மட்டும் போனதில்லை.

"இந்த வருஷமாச்சும் எங்க வூட்டுக்கு மாதா வருவாங்களாக்கா? நானும் கேட்டுகினேதான் இருக்கேன்."

"அவ்ளோ தூரமா? அங்க உக்கார எடம் ஏதும்மா?" என்றார் எதிர்வீட்டு அக்கா.

"மொத வீடே இவ வீடுதான்! தலைவி நான் சொல்றேன்!" என்று கத்திவிட்டேன். ஜெபக் கூட்டத்தில் கத்தக் கூடாதுதான். ஆனால் நன்றாக இருந்தது.

ஒருவரும் வர மாட்டார்களோ என்று பயந்துகொண்டே அக்டோபர் முதல் ஞாயிறு மாலை கிளம்பினேன். நான் அவமானப்படுவதைப் பார்க்கவோ என்னவோ, எல்லோரும் வந்திருந்தார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை, உள்ளே அனலடித்தது. வாசலில் நின்ற ஒரே மரத்தடியில் பாய் விரித்து, ஸ்டூல் மேல் மாதாவை வைத்தோம். ஜெபமாலை முடியும்வரை வீட்டுக்காரி அழுதுகொண்டே இருந்தாள். எனக்கும் அழுகை வந்தது.

எதிர்வீட்டு அக்கா புடவையில் குத்தியிருந்த எதையோ பிடுங்கி எடுத்தார். அண்ணாந்து பார்த்தார். சீமைக்கருவேல மரம்.

"ஏண்டி தலைவி, உன் நிழல் பரவாயில்லையே!"

மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். இம்முறை நானும்தான். வீட்டுக்காரிக்கு மட்டும் கூச்சமாகிவிட்டது.

"முள்ளு குத்திடுச்சாங்கக்கா? இத்த வெட்டிப்புடலாம்னுதான் சொல்லிகினு இருக்கோம்."

"வெட்டாத," என்றார் அக்கா. "அடுத்த வருஷம் வந்தா எங்க உக்காருறது?"