பிரிந்த சகோதரி

எங்கள் தென்காசிக் கத்தோலிக்கக் கோவிலில் பீடத்தைத் திருப்பிப் போட்ட வருஷம், நான் முதலில் சந்தேகப்பட்டது கொத்தனாரைத்தான். அளவு தெரியாமல் சுவரை விட்டுத் தள்ளிக் கட்டிவிட்டு, ரோமாபுரி உத்தரவு என்று சமாளிக்கிறார்கள் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு சாமியார் எங்களைப் பார்த்து நின்று தமிழில் பூசை வைத்தார். பூசை லத்தீனில் நடந்த காலத்தில், ஒன்றும் புரியாமல் நிம்மதியாக ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தோம். இப்போது நாங்களும் பதில் சொல்ல வேண்டுமாம். நான் ஆரம்பப் பள்ளி டீச்சர். பிள்ளைகளைத் திடீரென்று பதில் சொல்லப் பழக்கினால், இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று அர்த்தம். யார் வரப்போகிறார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்தது. கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பேன்.

அந்தச் சீசனில் குற்றாலத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. எங்கள் சாமியாரும் சுரண்டை ஐயரும் ஐந்தருவியில் ஒன்றாகக் குளித்தார்களாம். புராட்டஸ்டன்ட் போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்றுதான் சொல்வோம். இருவரும் ஒரே கிண்ணத்து எண்ணெயைத் தேய்த்துக்கொண்டதாகப் பார்த்தவர்கள் சத்தியம் செய்தார்கள். சாமியார் அங்கி இல்லாமல் துண்டோடு நின்றதை எங்கள் பெண்கள் மன்னித்துவிட்டார்கள். எண்ணெயை மன்னிக்கவில்லை.

"அருவியில நனைஞ்சா எல்லாருக்கும் சளி பிடிக்கும். இவருக்கு வேதமே மாறிரும் போலிருக்கே" என்றார் உபதேசியார். ஞாயிறு பாடம் சொல்லித்தரும் முதியவர் அவர். பழைய சட்டமெல்லாம் மனப்பாடம், புதுச் சாமியாரைக் கண்டாலே ஆகாது.

தை மாதத்தில் வந்தது அறிவிப்பு. எல்லாக் கிறிஸ்தவர்களும் ஒன்றாக வேண்டும் என்று எட்டு நாள் ஜெபம். அதில் ஒரு நாள் சுரண்டையிலிருந்து 'பிரிந்த சகோதரர்கள்' நம் கோவிலுக்கு வருகிறார்கள் என்றார் சாமியார். கோவிலுக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அதுவரை எங்களுக்கு அவர்கள் பதிதர்கள். பதிதர் என்றால் விசுவாசத்திலிருந்து விழுந்தவர். அந்த வார்த்தையைச் சொல்லும்போதே முகத்தைச் சுளித்துக்கொள்ளச் சிறுவயதில் பழகியிருந்தோம்.

சுரண்டையில் எனக்கு ஒரு பதிதை இருந்தாள். என் சொந்த அக்காள்.

அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். ஒரு புராட்டஸ்டன்ட் வாத்தியாரை அவர்கள் கோவிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிருந்த பழைய சாமியார், அந்தக் கல்யாணத்துக்குப் போகிறவர்களுக்குச் சாவான பாவம், நேரே நரகம்தான் என்று பிரசங்கத்தில் சொன்னார். நான் போகவில்லை. இப்போது ரோமாபுரியில் உலகத்து ஆயர்களெல்லாம் கூடி, வருஷக்கணக்கில் பேசி, அவள் என் சகோதரி என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கல்யாணத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டு வருஷம் கழித்து அவளுடைய ஆறு மாதக் குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. பள்ளிக்கு ஆள் வந்து சொன்னதும் பஸ் பிடித்துப் போனேன். வீட்டில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பிறகு சின்னப் பெட்டியை அவர்கள் கோவிலுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வாசல் கேட்டிலேயே நின்றுவிட்டேன். அவள் படியில் ஏறும்போது என்னைத் தேடித் திரும்பிப் பார்த்தாள். நான் அசையவில்லை. உள்ளே கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எல்லோரும் சேர்ந்து சொல்லும் சத்தம் கேட்டது. எனக்கும் தெரிந்த அதே ஜெபம். வாயை இறுக மூடிக்கொண்டு வெயிலில் நின்றேன்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம். நல்லது கெட்டதில் பார்த்தோம், சாப்பிட்டாயா என்று கேட்டோம். மனம் விட்டு ஒரு வார்த்தை பேசியதில்லை.

அறிவிப்பு வந்த அன்றே, பூசை உடுப்பு மாற்றும் அறைக்குச் சண்டை போடப் போனேன். "அன்னைக்குச் சாவான பாவம், இன்னைக்குப் புண்ணியமா சாமி? என் அக்கா பிள்ளை அடக்கத்துக்கு நான் வெளிய நின்னேனே, அதுக்கு யாரு பதில் சொல்லுதது?"

சாமியார் வேறு ஊர்க்காரர், வயதில் சின்னவர். நிதானமாகக் கேட்டார். "கல்யாணத்துக்குப் போகக் கூடாதுன்னு சொன்னார். அடக்கத்துக்கும் சொன்னாரா?"

"எல்லாம் ஒண்ணுதானே?"

"ஒண்ணு இல்லை டீச்சர். சொந்தக்காரங்க அடக்கம்னா உள்ளே போய் நிற்க அப்பவும் அனுமதி உண்டு. ஜெபத்துல சேரக் கூடாது, அவ்வளவுதான். நீங்க அன்னைக்கு யார்கிட்ட கேட்டீங்க?"

புதுச் சட்டத்துக்கு ஏற்றபடி பழையதைத் திரிக்கிறார் என்று தோன்றியது. நேரே உபதேசியாரிடம் போனேன். சாமியார் சொன்னது எதையும் ஒத்துக்கொள்ளாத மனிதர் அவர். இதை ஒத்துக்கொண்டார். "ஆமா, உண்டு. கேட்டிருந்தா பழைய சாமியே போய்ட்டு வான்னு சொல்லியிருப்பாரு."

நான் யாரிடமும் கேட்கவில்லை. அன்றைக்குப் பஸ் ஏறப் போகும் வழியில் சாமியார் பங்களாவைத் தாண்டித்தான் போனேன். கதவு திறந்துதான் கிடந்தது. கேட்டால் போகலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன் என்பதுதான் உண்மை. அவள் என்னை விட்டுவிட்டுப் போனாள். நான் வெளியே நிற்பதை அவள் பார்க்கட்டும் என்று இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் நான் காட்டிய வீம்பு அது. இதை எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

அந்த நாளும் வந்தது. நாங்கள் விரல் நனைத்துச் சிலுவை போட்டுக்கொள்ளும் வாசல் தீர்த்தத் தொட்டியைச் சுரண்டைக்காரர்கள் பார்த்ததும் பாம்பைக் கண்டவர்கள்போல ஒதுங்கி உள்ளே வந்தார்கள். சிலை கும்பிடாதவர்களால் என்ன வருமோ என்று எங்கள் பெண்கள் மாதா சுரூபத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்து காவல் காத்தார்கள். அக்காள் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது.

கடைசியில் கர்த்தர் கற்பித்த ஜெபம். அது அவர்களுக்கும் எங்களுக்கும் பொதுதான், முடிவைத் தவிர. தீமையிலிருந்து காப்பாற்றும் என்பதோடு நாங்கள் ஆமென் சொல்லி நிறுத்துவோம். அவர்கள் அதற்கு மேலே ராஜ்யம், வல்லமை, மகிமை என்று ஒரு வரி சொல்லித்தான் முடிப்பார்கள். வருகிறவர்களுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று சாமியார் ஒரு வாரமாக எங்களை அந்த வரியைப் படிக்க வைத்திருந்தார். போன இடத்தில் மரியாதையாக நிறுத்திக்கொள்ளுங்கள் என்று ஐயர் அவர்களைப் பழக்கி அழைத்து வந்திருந்தார். இது அவருக்குத் தெரியாது, அது இவருக்குத் தெரியாது.

அவர்கள் கணீரென்று ஆமென் சொல்லி நிறுத்தினார்கள். நாங்கள் கணீரென்று ராஜ்யத்துக்குள் நுழைந்தோம். நுழைந்து பார்த்தால் கூட யாரும் இல்லை. பாதி வரியில் எங்களுக்குக் குரல் தேய, அவர்கள் பதறிப்போய்ச் சேர்ந்துகொள்ள, ஐயர் சிரித்துவிட்டார். பிறகு கோவிலே சிரித்தது. உபதேசியார் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வெளியே வந்ததும் அக்காள் என் கையைப் பிடித்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"ஏட்டி, அன்னைக்கு நீ கேட்டுலயே நின்னுட்டியே, அத நான் எட்டு வருஷமா மனசுல வச்சு மருகிட்டுக் கிடந்தேன். இன்னைக்கு எங்க ஆளுக உங்க கோயிலுக்குள்ள பயந்து பயந்து வருதத பாத்த பெறகுதான் புரியுது. நீ என்ன செய்வ, பாவம். சட்டம் அப்படி. ஆசைப்பட்டாலும் உன்ன உள்ள விட்டிருக்க மாட்டாவல்லா?"

கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"ஆமாக்கா, விட்டிருக்க மாட்டாவ" என்றேன்.